நடை பழகிய குழந்தையோடு வெளிநாட்டில் ஊர் சுற்றிப் பார்க்க: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பயணத் திட்டம் எழுத உட்காரும்போது, தாளில் முதலில் குழந்தையின் பகல் தூக்க நேரத்தைக் குறித்துவிடுங்கள். கோபுரம், அருங்காட்சியகம், படகுச் சவாரி எல்லாம் அதைச் சுற்றித்தான் வர வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் குழந்தை தூங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். வெளிநாட்டுக்கு வந்துவிட்டோம் என்பதற்காகக் குழந்தையின் உடம்பு இந்தக் கணக்கை விட்டுக்கொடுத்துவிடாது. தூங்கி எழுந்து வயிறு நிறைந்த குழந்தை எந்த ஊரிலும் நல்ல துணை. தூக்கம் கெட்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உலக அதிசயத்தின் முன்னால் நின்றாலும் எதுவும் மனத்தில் பதியாது.

இந்த வயதில் குழந்தைக்கு ஒன்றும் நினைவில் இருக்கப்போவதில்லை, வளர்ந்த பிறகு கூட்டிப் போகலாமே என்று பலரும் சொல்வார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. நினைவில் தங்காவிட்டாலும் படகின் ஆட்டமும் புறாக் கூட்டமும் ரயில் வந்து நிற்கும் சத்தமும் அந்த நிமிடத்தில் குழந்தைக்குப் பெரிய மகிழ்ச்சி. பெற்றோருக்கும் ஊர் பார்க்கும் ஆசை இருக்கிறது. அது தவறான ஆசை அல்ல. இரண்டையும் ஒரே பயணத்தில் பொருத்த முடியும். ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தையை மனத்தில் வைத்து, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

ஒரே பயணத்தில் நான்கு நகரங்களைப் பார்த்துவிடலாம் என்ற ஆசையை முதலில் கைவிடுங்கள். ஓட்டல் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவது, ரயில் பிடிப்பது, புது அறைக்காகக் காத்திருப்பது என்று ஒரு பகல் முழுவதும் கரைந்துவிடும். அன்று இரவு புதுப் படுக்கையில் குழந்தை புரண்டுகொண்டே இருக்கும். மறுநாளும் பாதி போய்விடும். ஒரு நகரம், ஒரே அறை, ஐந்தாறு இரவுகள் என்பது நல்ல அளவு. பத்து நாட்களுக்கு மேல் விடுப்பு இருந்தால் இரண்டாவது நகரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நகரத்தை முடிவு செய்யும்போது அங்குள்ள நடைபாதைகளையும் லிஃப்ட் வசதியையும் விசாரியுங்கள். சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு. லண்டன் சுரங்க ரயிலின் 272 நிலையங்களில் படியேறாமல் போய்வரக்கூடியவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்களில் படிக்கட்டுகளே அதிகம். 14-ஆம் எண் பாதையில் மட்டும் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது. லண்டனிலும் பாரிஸிலும் குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிப் போகும் ஸ்ட்ரோலர் வண்டியோடு போகிறவர்களுக்குத் தாழ்தள பஸ்ஸே வசதி. நேரம் கூடுதலாக ஆனாலும் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம், குழந்தைக்கும் அது ஒரு சவாரி. வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் படிகள். வெனிஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அங்கே ஸ்ட்ரோலரை நம்பாமல் குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியரை நம்புங்கள். படகு நிறுத்தத்தை ஒட்டிய இடத்தில் அறை எடுங்கள்.

உயரமான இடங்களைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. பெரு நாட்டின் குஸ்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர். பெரியவர்களுக்கே அந்த உயரத்தில் தலை கனக்கும். தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை அழத்தான் செய்யும், அந்த அழுகைக்குக் காரணம் பசியா உயரமா என்று நமக்கு விளங்காது. குழந்தை நன்றாகப் பேசப் பழகும் வரை இத்தகைய ஊர்களைத் தள்ளிவையுங்கள். போயே ஆக வேண்டும் என்றால் குழந்தைகள் நல மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

அடுத்து, பார்க்க நினைக்கும் இடங்களின் விதிகள். கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலின் உச்சித் தளத்துக்கு 12 வயதுக்குக் குறைந்தவர்களை விடுவதில்லை. அப்பாவும் அம்மாவும் மாறி மாறித்தான் ஏற வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் இல்லத்தின் படிகள் மிகச் செங்குத்தானவை, ஸ்ட்ரோலரை உள்ளே கொண்டுபோக முடியாது. ஈபிள் கோபுரத்துக்கு மடக்கக்கூடிய ஸ்ட்ரோலராக இருக்க வேண்டும். அங்கே 4 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் அதன் பெயரில் இலவச டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஏதோ ஒரு நிபந்தனை இருக்கும். புறப்படுவதற்கு முன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் குழந்தை, ஸ்ட்ரோலர், பை ஆகிய மூன்றையும் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விடுமுறை நாளையும் பாருங்கள்: பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் ஒரே வளாகத்தில் இடம் இருக்கும் ஊர்கள் பொன்னானவை. வியன்னாவின் ஷோன்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்துக்குள்ளேயே 1752-இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை இருக்கிறது. இன்றும் இயங்குகிறவற்றில் உலகிலேயே பழமையானது அதுதான். காலையில் அரண்மனை அறைகள், பிறகு யானையும் பாண்டாவும் என்று ஒரே வளாகத்தில் நாளை முடித்துவிடலாம். லண்டனில் கென்சிங்டன் தோட்டத்துக்குள் பெரிய மரக் கப்பலோடு இளவரசி டயானா நினைவு விளையாட்டுத் திடல் இருக்கிறது, கென்சிங்டன் அரண்மனை பக்கத்திலேயே. பாரிஸில் லக்ஸம்பர்க் தோட்டத்தின் குளத்தில் பொம்மைப் பாய்மரப் படகு விடலாம்.

தாள்களும் டிக்கெட்டும்

குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும், தேவைப்படும் நாட்டுக்குத் தனி விசாவும் வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் பெரியவர்களுடையதைவிடக் குறுகிய காலத்துக்கே செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன.

விமான டிக்கெட்டில் இரண்டாவது பிறந்தநாள்தான் எல்லைக்கோடு. 2 வயது நிறையாத குழந்தை மடியில் உட்கார்ந்து, குறைந்த கட்டணத்தில் வரலாம். 2 வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை எடுக்க வேண்டும். பயணத்தின் நடுவே பிறந்தநாள் வந்தால் திரும்பி வரும் விமானத்துக்குத் தனி இருக்கை தேவைப்படும், ஆகவே பதிவு செய்யும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். 2 வயதுக்கு முன்பே தனி இருக்கை எடுப்பதும் வீண் செலவு அல்ல. ஒன்றரை வயதுக் குழந்தையை ஒன்பது மணி நேரம் மடியில் வைத்திருப்பது கடினம். விமானம் குலுங்கும்போது மடியைவிடத் தனி இருக்கையில் கட்டிய, குழந்தைக்கான கார் சீட் பாதுகாப்பானது. அந்தக் கார் சீட் விமானத்தில் பயன்படுத்தச் சான்று பெற்றதா என்பதை அதன் பின்புற ஒட்டுத்தாளில் பாருங்கள். சுவரில் மாட்டும் பாசினெட் தொட்டிலை நம்பியிருக்காதீர்கள், நடக்கும் வயதுக் குழந்தையின் எடை பெரும்பாலும் அதன் வரம்பைத் தாண்டியிருக்கும்.

தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் கூட்டிப் போனால், அல்லது தாத்தா பாட்டி கூட்டிப் போனால், உடன் வராத பெற்றோர் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதமும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும். குழந்தையின் குடும்பப் பெயர் ஒரு பெற்றோரின் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேரும் போனாலும் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு கட்டாயம். மருத்துவச் செலவு, அவசரமாகத் திரும்புவது, குழந்தைக்கு உடல்நலம் கெட்டுப் பயணத்தையே ரத்து செய்வது ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள்.

மருத்துவரும் மருந்துப் பையும்

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பாகவே குழந்தையின் மருத்துவரைப் பாருங்கள். தட்டம்மைத் தடுப்பூசி முக்கியம். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணைகளையும் பயணத்துக்கு முன்பே முடித்துவிட முடியுமா என்று கேளுங்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை, அது ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லுபடியாகும்.

மருந்துப் பையில் பாரசிட்டமால் சிரப்பை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். காரணம் இருக்கிறது: அதன் அடர்த்தி நாட்டுக்கு நாடு மாறுபடும். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள புட்டியும் உண்டு, 160 உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. வெளிநாட்டுக் கடையில் வாங்கிய புட்டியிலிருந்து வழக்கமான அளவை ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடக் கூடும். குழந்தையின் எடைக்கு எத்தனை மி.கி. என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மி.லி. கணக்கில் மட்டும் நினைவு வைக்காதீர்கள். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: சில பொட்டலங்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சில 200 மி.லி.க்கு. உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். வெப்பமானி, அளவுக் கோப்பை, காயத்துக்கு ஒட்டும் பட்டை, டயாபர் புண்ணுக்கான களிம்பு ஆகியவற்றோடு பை நிறைந்துவிடும். கொசு விரட்டியில் எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் இருந்தால் அது 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது.

டயாபரை மூட்டையாகக் கட்டிப் போக வேண்டாம். விமான நேரத்துக்கும் முதல் இரண்டு நாட்களுக்கும் போதுமான அளவு இருந்தால் போதும், மீதியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அளவு எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் கிலோ கணக்கைப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்ட்ரோலரா, கேரியரா?

இரண்டும் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நன்றாக ஓடும் குழந்தைதானே, ஸ்ட்ரோலர் எதற்கு என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஊர் சுற்றும் நாளில் பெரியவர்களே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்துவிடுவார்கள். அந்தத் தூரம் குழந்தையின் காலுக்கு ஆகாது. ஸ்ட்ரோலர் நாற்காலியாகவும் சாப்பாட்டு மேசையாகவும் பகல் படுக்கையாகவும் பயன்படும், பையை மாட்டும் கொக்கியும் அதில் இருக்கும். படிக்கட்டு, கூழாங்கல் தெரு, நெரிசலான ரயில் என்று அது தோற்கும் இடங்களில் கேரியர் கைகொடுக்கும். முதுகுப்பை மாதிரி உலோகச் சட்டம் வைத்த கேரியரைப் பல அருங்காட்சியகங்கள் அனுமதிப்பதில்லை, துணியாலான கேரியரே மேல்.

ஸ்ட்ரோலர் வாங்கும்போது மூன்றைச் சோதியுங்கள். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் மடக்க முடிகிறதா? முதுகுப் பகுதி படுக்கை நிலைக்குச் சாய்கிறதா? மடக்கியபின் தோளில் மாட்டிப் படியேற முடிகிறதா? விமானத்தின் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கும் அளவுக்கு மடங்கும் வண்டிகள் இப்போது கிடைக்கின்றன. மற்றவற்றை விமான வாசலில் ஒப்படைத்தால் இறங்கும்போது வாசலிலேயே தருவார்கள், அல்லது பெட்டிகளோடு வரும். எங்கே கிடைக்கும் என்று ஒப்படைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலில் குழந்தை தூங்கும்போது ஸ்ட்ரோலரைத் துணியால் மூடாதீர்கள். மெல்லிய துணிதான் என்றாலும் உள்ளே காற்று நின்று வெப்பம் வேகமாக ஏறும். நிழலில் நிறுத்துங்கள், அல்லது காற்று புகும்படி ஸ்ட்ரோலரின் கூரையை மட்டும் இழுத்துவிடுங்கள்.

விமான நிலையமும் விமானமும்

பாதுகாப்புச் சோதனை வரிசையில்தான் முதல் சோதனை. வரிசையில் நிற்கும்போதே குழந்தை ஸ்ட்ரோலரில் கண்ணயர்ந்துவிடும். முறை வந்ததும் அதை எழுப்பித் தூக்க வேண்டும், ஏனென்றால் ஸ்ட்ரோலரும் மடங்கி ஸ்கேனருக்குள் போக வேண்டும். கூடவே அடியில் திணித்த போர்வை, கொக்கியில் தொங்கும் பை, பாதி குடித்த பால் புட்டி எல்லாம் தனித் தட்டில் வைக்க வேண்டும். இரண்டு பேராக இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் அந்தப் பக்கம் போகட்டும், மற்றவர் தட்டுகளைப் பார்த்துக்கொள்ளட்டும். பெல்ட், சில்லறை, கைபேசி எல்லாவற்றையும் வரிசையில் சேர்வதற்கு முன்பே பைக்குள் போட்டுவிடுங்கள். திரவத்துக்கு 100 மி.லி. வரம்பு உள்ள நாடுகளிலும் குழந்தையின் பால், தண்ணீர், மசித்த உணவு ஆகியவற்றைப் பயணத்துக்குத் தேவையான அளவு அனுமதிக்கிறார்கள். அவற்றைத் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், சிலவற்றைத் திறந்து சோதிப்பார்கள்.

விமானத்தில் குழந்தைகளை முதலில் ஏற அழைப்பார்கள். ஒரு பெரியவர் மட்டும் பைகளோடு முன்னே போய் இடத்தைத் தயார் செய்யட்டும். குழந்தை கடைசி வரை வெளியே ஓடி விளையாடட்டும். மூடிய இருக்கையில் அரை மணி நேரம் குறைவது பெரிய லாபம். தரையிறங்கும்போதுதான் காது அதிகமாக அடைக்கும். இறங்குவதற்குச் சுமார் 30 நிமிடம் முன்பே விமானம் தாழத் தொடங்கும். அப்போது குழந்தை விழித்திருந்து எதையாவது உறிஞ்சவோ விழுங்கவோ வேண்டும். கடைசி நிமிடத்தில் புட்டியைத் தேடாமல் அறிவிப்பு வந்ததும் கொடுத்துவிடுங்கள். தூங்க வைப்பதற்காக மருந்து கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அறை, முதல் இரண்டு நாட்கள்

ஊரின் மையத்தில் சிறிய அறை, புறநகரில் பெரிய அறை என்ற இரண்டில் மையத்தையே எடுங்கள். பகலில் தூங்க வைக்க இருபது நிமிடத்தில் அறைக்குத் திரும்ப முடிந்தால் அந்தப் பயணம் வேறு தரத்தில் இருக்கும். துணி துவைக்கும் இயந்திரமும் சிறிய சமையல் மூலையும் உள்ள அடுக்ககம் கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டில் தொட்டிலை முன்பதிவில் கேட்டு, எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்ளுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் தரையில் முட்டிபோட்டுக் குழந்தையின் உயரத்தில் ஒரு சுற்று வாருங்கள்: தொங்கும் கெட்டில் கம்பி, மேசை முனை, பிளக் துளை, திரைச்சீலைக் கயிறு, முந்தைய விருந்தாளி கட்டிலுக்கடியில் விட்டுப்போன மாத்திரை. பிறகு ஜன்னலும் பால்கனியும். பால்கனிக் கம்பியருகே நாற்காலி இருந்தால் உள்ளே எடுத்து வையுங்கள். எல்லாம் சரி என்ற பிறகு குழந்தையைக் கீழே இறக்குங்கள்.

நேர வித்தியாசத்துக்கு உடம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வீதம் பழகும். கிழக்கு நோக்கிப் போனால் சிரமம் அதிகம். முதல் இரண்டு நாட்களுக்கு எந்த டிக்கெட்டும் முன்பதிவு செய்யாதீர்கள். காலை வெளிச்சத்தில் பூங்காவில் நடக்க விடுங்கள், அந்த ஊர் நேரப்படி சாப்பாடு கொடுங்கள், பகல் தூக்கத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீள விடாமல் மெதுவாக எழுப்புங்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தை எழுந்து உட்கார்ந்தால் பெரிய விளக்கைப் போடாமல், திரையைக் காட்டாமல், மங்கலான ஒளியில் கதை சொல்லுங்கள். சில நாட்களில் வழிக்கு வந்துவிடும்.

ஊர் சுற்றும் நாள்

ஒரு நாளுக்குப் பெரிய இடம் ஒன்று. அது காலையில். பிற்பகலில் குழந்தை ஓடுவதற்கு ஓர் இடம். இதற்கு மேல் எழுதிய திட்டம் எதுவும் நடக்காது, நடந்தாலும் இனிக்காது.

குழந்தைகள் எப்படியும் விடிந்ததும் எழுந்துவிடுவார்கள். அதைச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். இடம் திறக்கும் நேரத்துக்கே முதல் நுழைவு டிக்கெட்டை இணையத்தில் எடுத்து, கால் மணி நேரம் முன்னதாகவே வாசலில் நில்லுங்கள். மதியம் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கும் இடத்தில் காலையில் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் பாருங்கள். முழு அருங்காட்சியகத்தையும் பார்க்க நினைக்க வேண்டாம். வரைபடத்தில் மூன்று அறைகளை முந்தைய நாள் இரவே குறித்து வைத்து அவற்றுக்கு நேராகப் போங்கள். மதிய உணவை எல்லோருக்கும் முன்பாகப் பதினொன்றரைக்கே முடித்துவிட்டால் இடமும் கிடைக்கும், குழந்தையின் பொறுமையும் மிஞ்சும்.

பிறகு பகல் தூக்கம். ஒரு நாள் அறையில், மறுநாள் ஸ்ட்ரோலரில் என்று மாற்றிக்கொள்ளலாம். ஸ்ட்ரோலரில் தூங்கும் இரண்டு மணி நேரம்தான் பெற்றோரின் நேரம், அதைக் கடையில் கழிக்காதீர்கள். ஒருவர் தூங்கும் குழந்தையோடு ஆற்றங்கரையில் உலவட்டும். மற்றவர் தான் பார்க்க ஆசைப்பட்ட ஓவியக் கூடத்துக்குத் தனியாகப் போய் வரட்டும். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பமாக வந்து தனியாகப் போவதா என்று தயங்க வேண்டாம். யாரும் எதையும் இழக்காமல் திரும்புவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பிற்பகலில் பூங்கா, நீரூற்று, படகு. உள்ளூர்க் குழந்தைகள் விளையாடும் திடல்தான் அந்த ஊரைப் பக்கத்தில் பார்க்கக் கிடைக்கும் இடம். மணலில் ஒரே வாளியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் இரண்டு குழந்தைகளுக்கு மொழி தேவைப்படாது, பெற்றோர்களும் பேசத் தொடங்கிவிடுவார்கள். நல்ல மருத்துவர், அருகில் மருந்துக் கடை, கூட்டமில்லாத பூங்கா போன்ற தகவல்களை அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆறு மணிக்குள் இரவு உணவை முடித்து அறைக்குத் திரும்புங்கள்.

அருங்காட்சியகத்துக்குள் ஒரு வார்த்தை. லூவ்ரில் மோனா லிசாவின் முன்னால் நிற்கும் கூட்டத்தில் குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது பெரியவர்களின் முழங்கால் மட்டுமே. அதே அறையில் திரும்பி எதிர்ச்சுவரைப் பாருங்கள். வெரொனேசே வரைந்த ‘கானாவூர்த் திருமணம்’ அங்கே இருக்கிறது, ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம். படத்தின் முன்பகுதியில் நாய்கள் இருக்கும். “நாய் எங்கே?” என்று கேளுங்கள். குழந்தை விரலை நீட்டித் தேடும், கண்டதும் குரைத்துக் காட்டும். இன்னொரு நாய் எங்கே, இசைக்கருவி வாசிக்கிறவர்கள் எங்கே என்று தொடரலாம். அந்த நேரத்தில் நீங்களும் அந்தப் படத்தைத் தனியாக வந்திருந்தால் பார்க்கும் அளவைவிட நன்றாகப் பார்த்திருப்பீர்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் 25 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு 2017 முதல் கூரையிலிருந்து தொங்குகிறது. ஸ்ட்ரோலரைச் சாய்த்துவிட்டு அதன் அடியில் நிறுத்தினால் குழந்தைக்கு அதைவிட நல்ல இருக்கை கிடையாது.

குழந்தை அழத் தொடங்கினால் ஐந்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். டிக்கெட் வாங்கியாயிற்றே என்று உள்ளேயே சமாளிக்க முயல்வது எல்லோருக்கும் வேதனை.

சாலை, ரயில், வெயில்

டாக்சியில் குழந்தை இருக்கை பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் டாக்சிக்காரரிடம் கார் சீட் இல்லையென்றால் 3 வயதுக்குக் குறைந்த குழந்தை பின்னிருக்கையில் அது இல்லாமலே போகலாம். சிங்கப்பூரில் டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலி வழியாக அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. சட்டம் விட்டாலும் கார் சீட்டே பாதுகாப்பு என்பதால், முடிந்தவரை ரயிலிலும் பஸ்ஸிலும் போகும்படி அறையைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது. ஜப்பானில் ஷின்கான்சென் ரயிலில் தனி இருக்கை வேண்டாம் என்றால் ஒரு பெரியவரோடு 6 வயதுக்குக் குறைந்த இரண்டு குழந்தைகள் இலவசமாக வரலாம். எந்தப் பெருநகரத்திலும் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை அலுவலகக் கூட்டம் இருக்கும், அந்த நேரத்தில் ஸ்ட்ரோலரோடு ரயிலேறாதீர்கள்.

வெயில் காலத்தில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை நிழலில் இருங்கள். எஸ்.பி.எஃப். என்ற பாதுகாப்பு அளவு 30-க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூசுங்கள்.

உணவில் பரிசோதனை வேண்டாம். பழகிய தின்பண்டம் ஏதாவது எப்போதும் பையில் இருக்கட்டும். புதியதைப் பக்கத்தில் வைத்து, தொடுவதும் விடுவதும் குழந்தையின் விருப்பம் என்று விட்டுவிடுங்கள்.

குழந்தை தொலைந்தால், நோய் வந்தால்

ஒவ்வொரு நாளும் காலையில் அறையை விட்டுக் கிளம்புமுன் குழந்தையை முழு உருவமாக ஒரு படம் எடுங்கள். பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்பது யாருக்கும் நினைவுக்கு வராது. படம் இருந்தால் காவலரிடம் உடனே காட்டலாம். நாட்டுக் குறியீட்டோடு உங்கள் கைபேசி எண்ணை எழுதிய பட்டையைக் கையில் கட்டுங்கள், பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். கூட்டமான இடத்தில் குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “இப்போது நீ பார்த்துக்கொள்.” இரண்டு பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைக்கும் அந்த நொடியில்தான் குழந்தை நழுவும். நீச்சல் குளத்தருகே இது இன்னும் கண்டிப்பு: கைநீட்டினால் எட்டும் தூரத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறு கரண்டியால் அடிக்கடி கொடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது, கண்ணீர் வராமல் அழுவது, துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். பாலித் தீவின் உபுட் குரங்குக் காடு போன்ற இடங்களில் குழந்தையைக் கீழே விடாதீர்கள், கையில் தின்பண்டமும் கொடுக்காதீர்கள். குரங்கோ நாயோ கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள், சிறு கீறல்தானே என்று மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் எண்ணை விமானம் ஏறும் முன்பே கைபேசியில் சேமித்துவிடுங்கள்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவில் 911, ஜப்பானில் 119, சிங்கப்பூரில் 995, ஆஸ்திரேலியாவில் 000. தங்கும் இடத்தின் முகவரியை அந்த நாட்டு எழுத்திலேயே எழுதிய தாள், காப்பீட்டு எண், குழந்தையின் எடை, ஒவ்வாத மருந்துகளின் பெயர் ஆகிய நான்கையும் ஓர் உறையில் போட்டு, இரண்டு பெரியவர்களின் பையிலும் ஒவ்வொன்று வைத்துக்கொள்ளுங்கள்.